பதினேழாம் மனையில் நகராத ஒரு நகரும் கூடாரம்

கவுதாரி ஏரி முகாமில் எல்லாவற்றுக்கும் சக்கரம் உண்டு, எதுவும் நகராது. டிரெய்லர்களின் சக்கரங்களை மரச்சட்டம் அடித்து மறைத்து, அதன்முன் பூச்செடி வைத்திருக்கிறோம். நகரும் வீடு என்பதால் நகராட்சி அதற்கு வரி போடுவதில்லை. வரி இல்லை என்பதால் அது இருபது வருடமாக நகர்ந்ததில்லை. கியூபெக்கின் வடக்கே, சேன்-ஓர்மிதா ஊரை ஒட்டிய இந்த முகாமில் மே மாதம் பனி விட்டதும் வந்து இறங்குகிறவர்கள் அக்டோபரில்தான் கிளம்புவார்கள். அதுவரை நாங்கள் எல்லோரும் தற்காலிகமாகத் தங்கியிருக்கிறோம். பலர் முப்பது வருடமாக அப்படித் தங்கியிருக்கிறார்கள்.

பதினேழாம் மனைக்காரி முரியெல் எங்களில் மிகவும் தற்காலிகமானவள். அதாவது, மிகவும் ஆழமாக ஊன்றியவள்.

அவளுக்கு அப்போது அறுபத்தாறு வயது. பத்தொன்பது வயதில் மரம் வெட்டும் முகாம் ஒன்றில் உருளைக்கிழங்கு உரிக்கப் போனாள். மூன்றாம் வருடம் தலைமைச் சமையற்காரி ஓடிப்போனாள். யாரோடு என்பதில் இரண்டு கருத்து உண்டு. கரண்டி முரியெலின் கைக்கு வந்தது. அடுத்த இருபத்தொன்பது வருடம் அறுபது ஆண்களுக்குப் பன்றிக்கொழுப்பு போட்ட பீன்ஸும் பட்டாணி சூப்பும் வெல்லப்பாகு அடைத்துச் சுட்ட 'பை' பலகாரமும் சமைத்துப் போட்டாள். சாப்பாட்டுக் கூடம் என்பது காட்டின் நடுவே நிறுத்திய ஒரு பெரிய வலைக்கூடாரம். ஜூன் மாதத்தில் வலைக்கு வெளியே கறுப்பு ஈ. கொசு குத்தும், கறுப்பு ஈ கடித்துச் சதையை எடுத்துக்கொண்டு போகும். காதுக்குப் பின்னால் ரத்தம் வழிய வந்து நின்ற மரம்வெட்டிகளை முரியெல் வாசலில் நிறுத்திவிடுவாள். முதுகைத் தட்டு, தொப்பியை உதறு, வலையை ஒரு முழம் மட்டும் தூக்கு, குனிந்து வா. வலையைத் தூக்கியபடி நின்று பின்னால் வருகிறவனோடு பேசினால் அன்றைக்கு அவனுக்குப் பை கிடையாது. ஆறடி உயர ஆட்கள் அவளிடம் பைக்காகக் குனிந்து பழகினார்கள். அவள் முதுகு நிமிர்ந்தே இருந்து பழகியது. அந்தக் கூடாரத்தை நிறுத்தும் வேலையை மட்டும் அவள் ஒரு நாளும் செய்ததில்லை. அது ஆண்கள் வேலை. அவள் கோணலாக இருக்கிறது என்று மட்டும் சொல்வாள்.

ஓய்வு பெற்றதும் கணவன் ஃபெர்னானோடு கவுதாரி ஏரிக்கு வந்தாள். ஃபெர்னான் மர ஆலையில் ரம்பம் ஓட்டியவர். அந்த இரைச்சலில் பேச முடியாமல் பழகி, இரைச்சல் நின்ற பிறகும் பேசாமல் இருந்துவிட்டார். அவர் உடம்புக்கும் கறுப்பு ஈக்கும் ஆகாது. ஒரு கடி கடித்தால் ஒரு கண் மூடிக்கொள்ளும், இரண்டு கடித்தால் ஆள் குருடு. அவருக்காகத்தான் வலைக்கூடாரம் வாங்கினார்கள்: பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி, மடக்கு அலுமினியச் சட்டம், துணிக்கூரை, நாலு பக்கமும் வலை, ஜிப் வாசல், மடித்துத் தூக்கிப்போக ஒரு துணிப்பை. முதல் கோடையில் ஒரு காற்று அதைத் தூக்கி ஏரியில் வைத்தது. கொஞ்ச நேரம் அது இரண்டு வாத்துகளோடு மிதந்ததை நானே பார்த்தேன். மறுநாள் ஃபெர்னான் கூடாரத்தின் நாலு காலையும் பலகைத் தளத்தில் திருகாணி போட்டு இறுக்கினார். அடுத்த வருடம் பலகை இடுக்கு வழியாகக் கொசு வருகிறது என்று கீழே கம்பளம் விரித்தார். அதற்கடுத்த வருடம் வலையின் அடியில் ஒட்டுப்பலகை அடித்தார். பிறகு மழை ஓட கூரைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் தகடு. பிறகு குளிர்பெட்டி, ரேடியோ, எட்டுப்பேர் உட்காரும் மேசை, ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு ஈ அடிக்கும் மட்டை. தூக்கிப்போகும் பையில் முரியெல் வெங்காயம் போட்டு வைத்தாள்.

பதினோரு வருடம் அந்தக் கூடாரம்தான் முகாமின் தலைநகரம். மாலை நாலு மணிக்கு எட்டு நாற்காலியும் நிறையும். 'ஐந்நூறு' என்ற சீட்டாட்டம் நடக்கும். வாசல் விதி மரம்வெட்டிகளுக்கு இருந்ததேதான்: ஜிப்பை மூன்று விநாடிக்கு மேல் திறந்து வைத்தவன் ஒரு ஆட்டம் வெளியே உட்கார வேண்டும். வெளியே என்றால் ஈயோடு. அவள் சுட்டு வைத்த பை ருசியாக இருந்ததால் நாங்கள் அவளை ஒரு நல்ல மனுஷி என்று நம்பிவந்தோம்.

அதில் ஐந்து வருடம் கழிந்தபோது பதினெட்டாம் மனைக்கு ரோசேர் வந்தார், பிரச்சினையும் வந்தது. தனி ஆள். நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளை நிறுத்தி எடை போடும் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். எடை கூடியிருந்தால் லாரியைத் திருப்பி அனுப்பிய மனிதர். தன் தம்பியின் லாரியையும் அனுப்பியவர் என்பது அவரே சொன்னது. தம்பி அதன் பிறகு பேசவில்லை என்பதையும் அவரே சொன்னார், கூடுதல் சான்று போல. அவரிடமும் ஒரு வலைக்கூடாரம் உண்டு. அதை ஒவ்வொரு ஞாயிறும் பிரித்து, வெயிலில் காயவைத்து, மடித்து, அதன் பையில் போடுவார். திங்கட்கிழமை மறுபடி நிறுத்துவார். பதினொரு நிமிடம். எங்களில் யாருக்கும் கூடாரப்பை எங்கே இருக்கிறது என்றே தெரியாது என்பதால் அவரைப் பார்த்துச் சிரித்தோம். முரியெல் சத்தமாகச் சிரித்தாள்.

சண்டை ஒரு கயிற்றில் ஆரம்பித்தது. முரியெலின் கூடாரத்தின் கிழக்கு மூலைக் கயிறு பதினெட்டாம் மனைக்குள் நாற்பது சென்டிமீட்டர் போய் முளையில் நின்றது. ரோசேர் அளந்தார். பிறகு கடிதம் எழுதினார், இரண்டு கூடாரத்துக்கும் நடுவே பதினைந்து அடிதான் என்றாலும், தபாலில். முதல் கடிதத்தின் மேல் முரியெல் மீன் சுத்தம் செய்தாள். இரண்டாவதற்குப் பதிலாக அந்த முளையின் மேல் ஒரு பிளாஸ்டிக் கொக்கைச் செருகினாள். மூன்றாவது கடிதத்தை ரோசேர் கையிலேயே கொண்டுவந்து, எல்லையைத் தாண்டாமல் நின்று நீட்டினார்.

"மேடம், உங்க கயிறு என் எடத்துல இருக்கு."

"அந்தக் கயிறு உங்களுக்கு முன்னாடியே இங்க இருக்கு. அதுகிட்டப் போய் மரியாதையா கேளுங்க."

"நான் நகராட்சிக்கு எழுதுவேன்."

"எழுதுங்க. நல்ல பேப்பரா பாத்து எழுதுங்க, போன தடவை மீன் ஒட்டிக்கிச்சு."

எட்டு நாற்காலியும் சிரித்தன. நானும் அதில் ஒன்றில் இருந்தேன். ரோசேர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். எடை நிலையத்தில் டிரைவர்கள் இதைவிட மோசமாகப் பேசியிருப்பார்கள் என்று தோன்றியது. அவர்களும் பிறகு இறங்கி எடை போட்டிருப்பார்கள்.

ஜூன் முதல் வாரம் முகாம் சொந்தக்காரி கிளோதேத் ஒரு உறையோடு பதினேழாம் மனைக்கு வந்தாள். வாசலில் முதுகைத் தட்டிக்கொள்ள மறந்தாள். அதிலிருந்தே விஷயம் பெரிது என்று தெரிந்தது.

"நகராட்சியிலேருந்து வந்திருக்கு, முரியெல். உன் கூடாரம் கூடாரமே இல்லையாம். கட்டடமாம்."

"கட்டடம்னா?"

"பதினஞ்சாம் தேதி சனிக்கிழமை ஆய்வாளர் வர்றார். ரெண்டு பேர், கையில கருவி ஒண்ணும் இல்லாம, அரை மணிக்குள்ள பிரிச்சு மறுபடி நிறுத்திக் காட்டணும். காட்டினா அது நகரக்கூடிய கூடாரம். இல்லன்னா கட்டடம். மனையில கட்டடம் கட்டினா ஒப்பந்தம் முறிஞ்சிடும்னு நீயும்தான் கையெழுத்துப் போட்டிருக்கே."

"முறிஞ்சா?"

"மனை போயிடும். காத்திருக்கிற பட்டியல்ல நாப்பத்தி மூணு பேர் இருக்காங்க. நான் என்ன பண்ணட்டும்?"

முரியெல் கையிலிருந்த சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு ரோசேரின் மனைப் பக்கம் திரும்பி, தேவாலயப் பலிபீடத்தில் இருக்கும் பொருள்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி அவரைத் திட்டினாள். எங்கள் ஊரில் கெட்ட வார்த்தைகள் அவைதான். ஆனால் நற்கருணைப் பேழையில் ஆரம்பித்து மணி அடிக்கும் கயிறு வரைக்கும் ஒன்றைக்கூட விடாமல் நான் கேட்டது அன்றுதான்.

மனை போனால் அவளுக்கு என்ன போகும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஊரில் இருந்த வீட்டை நாலு வருடம் முன்பு விற்றுவிட்டார்கள். குளிர்காலத்துக்கு மகள் வீட்டு நிலவறையில் ஓர் அறை. மகளுடைய சமையலறையில் முரியெலுக்குக் கரண்டி கிடையாது. மருமகனுக்கு வெங்காயம் ஆகாது. அவள் நிமிர்ந்து நிற்கக்கூடிய தரை இந்த உலகத்தில் பதினேழாம் மனை ஒன்றுதான், அதுவும் வருடத்துக்கு ஐந்து மாதம்.

ஆகவே நாங்கள் அவளுக்குத் துணை நின்றிருப்போம் என்று நினைக்கத் தோன்றும். நாங்களும் ஒரு நாள் முழுக்க அப்படித்தான் நினைத்தோம். மறுநாள் ஒவ்வொருவரும் தங்கள் கூடாரத்தின் காலைக் குனிந்து பார்த்தோம். என் கூடாரத்துக்கு இரண்டு காலில்தான் திருகாணி. மற்ற இரண்டும் சிமெண்ட். பதினாறாம் மனையில் முரியெலின் உயிர்த்தோழி லொரேனுக்குக் கண்ணாடி ஜன்னலே இருந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியடியில் ஒரு கூட்டம் கூடியது. அதற்கு முரியெலைக் கூப்பிடவில்லை. ஆய்வாளர் வந்து அவள் கூடாரத்தைச் சோதிக்கத் தொடங்கினால் பக்கத்து மனையைப் பார்க்காமல் போவாரா? அவரை வரவிடாமல் செய்ய ஒரே வழி, சோதிக்க எதுவும் இல்லாமல் செய்வது. லொரேனைத் தூது அனுப்பினோம்.

லொரேன் முதுகைத் தட்டிக்கொண்டு, குனிந்து, உள்ளே போனாள். நான் வலைக்கு வெளியே நின்றேன்.

"முரியெல், நான் உன் நல்லதுக்குச் சொல்றேன். அதை நீயே பிரிச்சுத் தூக்கிப் போட்டுடேன். கிளோதேத் நகராட்சிக்குப் போன் போட்டு, இப்ப அங்க ஒண்ணும் இல்லைன்னு சொல்லிடுவா. மனையும் நிக்கும்."

"ஃபெர்னான் எங்க உக்காருவான்?"

"டிரெய்லர் உள்ள உக்காரட்டும்."

"ஜூன் முழுக்க? தகர டப்பாக்குள்ள?"

"ஜன்னல் இருக்குல்ல."

"உன் ஜன்னலைப் பத்தித்தானே பேச வந்திருக்கே, லொரேன்? அதை மொதல்ல சொல்லு."

லொரேன் சிவந்து போனாள். "உன் வாயாலதான் இது வந்துச்சு. அந்தாளு மூணு தடவை மரியாதையா கேட்டாரு. நீ கொக்கைச் சொருகினே."

"சொருகினப்ப யாரு அப்படிச் சிரிச்சது? இருமல் வர்ற வரைக்கும்?"

"உன்னோட பையைத் தின்னோம்ல, சிரிச்சுத்தானே ஆகணும்."

முரியெல் எழுந்து ஜிப்பை மேலிருந்து கீழ் வரை முழுவதுமாகத் திறந்தாள். பதினோரு வருடத்தில் அப்படித் திறந்து பார்த்ததில்லை. "போ," என்றாள். "தட்டிக்காமப் போ. வர்ற ஈ வரட்டும்."

அன்றைக்கு மாலை எட்டு நாற்காலியில் இரண்டுதான் நிறைந்தன. வெல்லப்பாகுப் பை முழுசாக மேசையில் இருந்தது. எங்களில் பலருக்கு அதுதான் வருத்தம்.

அடுத்த ஒரு வாரம் முழுக்க அவள் திருகாணி கழற்றினாள். ஃபெர்னானின் விரல்கள் இரண்டு வருடமாக மடங்குவதில்லை. அவர் உட்கார்ந்தபடி எந்தத் திருகாணி எந்த வருடத்தது என்று மட்டும் காட்டினார். அவர் பொதுவாக வேலையை நன்றாகச் செய்கிறவர், அதுதான் துன்பம். நாலு காலுக்கு முப்பத்தாறு திருகாணி. ஒட்டுப்பலகைக்கு ஆணி வேறு. துருப்பிடித்தவற்றைச் சமையல் எண்ணெய் விட்டு, இடுக்கியால் பிடித்து, திட்டித் திருகினாள். குளிர்பெட்டியை வெளியே தள்ளினாள். கம்பளத்தைச் சுருட்டினாள், அடியில் ஒரு ஸ்பேட் ஏழாம் சீட்டும் ஒருவருடைய பல்செட்டும் கிடைத்தன. பல்செட்டை வேலியில் மாட்டிவைத்தாள். யாரும் கேட்டு வரவில்லை.

பிரித்தாகிவிட்டது. நிறுத்துவதுதான் வரவில்லை. இருபத்தொன்பது வருடம் வலைக்கூடாரத்துக்குள் ஆட்சி செய்தவளுக்கு அதன் ஒரு மூட்டு எப்படி மடங்குகிறது என்பது தெரியாது. வியாழக்கிழமை தனியாக முயன்றாள். ஒரு காலை முழுக்க நீட்டினாள், எதிர்க்கால் மடங்கிக்கொண்டது. அதை நீட்டினாள், கூரைத்துணி அவள் தலையில் விழுந்தது. அதற்குள்ளிருந்து பேழை, கிண்ணம், மெழுகுத்தண்டு எல்லாம் வசவாக மறுபடி வெளியே வந்தன. காற்றில்லாத நாள், ஈ கருமேகமாக நின்றது. உதவிக்கு எழுந்துவந்த ஃபெர்னான் மூன்று நிமிடம்தான் வெளியே நின்றார். இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு கண்ணும் மூடிப்போய், கரண்டியைத் தடவித் தேடினார்.

வலையில்லாத அந்த நாட்களில் நாங்கள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. எங்களுக்கும் வேலை இருந்தது. சிமெண்டை உளியால் உடைப்பது சத்தம் வருகிற வேலை. பகலில் வெட்கமாக இருந்ததால் புல்வெட்டும் இயந்திரத்தை ஓடவிட்டு அதன் மறைவில் உடைத்தேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆய்வாளர் கெய்த்தான் வந்தார். தலையிலிருந்து இடுப்பு வரை வலைச்சட்டை போட்டு, கையில் கடிகாரமும் அட்டையும் வைத்திருந்தார். முகாமே வந்து நின்றது. எல்லோரும் தொப்பியிலிருந்து முகவலை தொங்கவிட்டிருந்ததால் யார் யாரை முறைக்கிறார்கள் என்பது தெரியாமல் போனது நல்லதாயிற்று. ரோசேர் மட்டும் வலை போடவில்லை. தன் மனை எல்லையில், கயிற்று முளைக்கு அந்தப் பக்கம், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஈக்கள் அவர் கழுத்தில் உட்கார்ந்து எழுந்தன.

முந்தின நாள் முரியெல் எப்படியோ கூடாரத்தை ஒரு மாதிரி நிமிர்த்தி வைத்திருந்தாள். ஒரு பக்கம் டிரெய்லரில் சாய்ந்திருந்தது.

"ரெண்டு பேர் வேணும், மேடம்," என்றார் கெய்த்தான். "உங்ககூட யாரு?"

முரியெல் எங்களைப் பார்த்தாள். லொரேன் தன் முகவலையின் சுருக்கைச் சரிசெய்தாள். நான் ஏரியைப் பார்த்தேன். ஃபெர்னான் டிரெய்லர் ஜன்னலுக்குப் பின்னால் கண்கள் வீங்கி உட்கார்ந்திருந்தார்.

"நான் ஒருத்தியே போதும்," என்றாள். "கடிகாரத்தை அமுக்குங்க."

பிரிக்க ஒன்பது நிமிடம் ஆனது. கோபத்தில் எதையும் பிரிக்கலாம். நிறுத்தும்போதுதான் வியாழக்கிழமை திரும்ப வந்தது. சட்டத்தை ஒரு மூலையில் பிடித்து இழுத்தாள். அது கோணிக்கொண்டு கிரீச்சிட்டது. எதிர்மூலைக்கு ஓடினாள், இந்த மூலை மடங்கியது. பதினான்காவது நிமிடத்தில் ஒரு காலை முழு உயரத்துக்கு நீட்டிப் பூட்டினாள். எல்லைக்கு அப்பால் யாரோ பல்வலி வந்தவர் போல மூச்சை இழுத்தார்கள்.

"முழுசா நீட்டக் கூடாது," என்றார் ரோசேர்.

"உன்னைக் கேட்டேனா?"

"ஒரு காலை மட்டும் நீட்டினா சட்டம் முறுக்கிக்கும். நாலையும் பாதி, அப்புறம் கூரை, அப்புறம் மீதி."

"புகார் எழுதினவன் பாடம் எடுக்க வந்துட்டான்."

"கட்டடம்னு புகார் எழுதினேன். உனக்குக் கூடாரம் கட்டத் தெரியாதுன்னு எழுதல. அது எனக்கு இப்பத்தான் தெரியுது."

முரியெல் அவரைப் பார்த்தபடியே இரண்டாவது காலையும் முழுதாக நீட்டினாள், வேண்டுமென்றே. நடு மூட்டு வில்லாக வளைந்தது. ரோசேரின் முகத்தில் அப்போது ஏற்பட்ட மாற்றத்தை நான் முன்பு பார்த்தது கிடையாது; எடை கூடிய லாரி பாலத்தின் மேல் ஏறும்போது அப்படி ஆகியிருக்கலாம். அவர் எல்லையைத் தாண்டினார். ஆறு வருடத்தில் முதல் தடவையாகப் பதினேழாம் மனையில் கால் வைத்தார்.

"விடு அதை. உடையப் போகுது. அந்தப் பக்கம் போ. எதிர்ல நில்லு. நடுச்சட்டத்தைப் பிடி, மூலையை இல்ல. நான் பின்னால நடக்கும்போது நீயும் நட."

"எனக்கு உத்தரவு போடாதே."

"அப்ப நட, உத்தரவு இல்லாம."

இருவரும் பின்னால் நடந்தார்கள். சட்டம் ஒரு முறை முனகி விரிந்தது. ரோசேர் சட்டைப்பையிலிருந்து ஒரு மெழுகுவர்த்தித் துண்டை எடுத்து மூட்டுகளில் தேய்த்தார்.

"சார், அது கருவியா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. லொரேனுடைய குரல்தான், முகவலை இருந்தால் தெரியாது என்று நினைத்துவிட்டாள்.

கெய்த்தான் அட்டையைப் புரட்டினார். "மெழுகைப் பத்தி ஒண்ணும் இல்ல."

"அப்ப அந்தாளு? புகார் கொடுத்தவரே கை வைக்கலாமா?"

"ரெண்டு பேர்னுதான் இருக்கு. பிடிச்சவங்களா இருக்கணும்னு இல்ல."

கூரைத்துணி ஏறியது. மூலைகள் ஒவ்வொன்றாக டக்கென்று பூட்டிக்கொண்டன. கால்களை ஒரு நேரத்தில் இரண்டாக, ஒவ்வொரு துளையாக உயர்த்தினார்கள். முரியெல் வலையை மாட்டிவிட்டு முளைக்கு ஓடினாள்.

"ஜிப்பை மூடு மொதல்ல," என்றார் ரோசேர்.

"முளை அடிச்சுட்டு மூடினா என்ன?"

"திறந்த வாசலோட இழுத்துக் கட்டினா அப்புறம் ஜிப் சேராது. இது தெரியாம இருபத்தொம்பது வருஷம் என்ன பண்ணினே?"

"உன்ன மாதிரி ஆளுங்களுக்குச் சோறு போட்டேன்."

"அதுக்கு இது எவ்வளவோ சுலபம்."

ஜிப் சேர்ந்தது. மூன்று முளையைப் பூட்ஸ் குதிகாலால் மிதித்து இறக்கினார்கள். நாலாவது கிழக்கு மூலை. ரோசேர் கயிற்றை எடுத்து, கூரையின் சாய்வைப் பார்த்து, ஓர் அடி பின்னால் வைத்தார். எல்லைக்கு அப்பால் போனார். நின்றார். எல்லைக்கு இப்பால் வைத்துப் பார்த்தார். கூரையின் அந்தப் பக்கம் தொய்ந்தது. மழை பெய்தால் அங்கே ஒரு குளம் நிற்கும். கெய்த்தான் கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்தாறு நிமிடம். ரோசேர் முகாமின் முன்னால், நகராட்சியின் முன்னால், தன் சொந்த மனைக்குள் நாற்பது சென்டிமீட்டர் தள்ளி, பழைய ஓட்டையிலேயே, முளையைக் குதிகாலால் மிதித்து இறக்கினார்.

"இருபத்தேழு," என்றார் கெய்த்தான். "நகரக்கூடிய கூடாரம்தான்."

யாரும் கைதட்டவில்லை. கெய்த்தான் அட்டையில் புதுத் தாளைத் திருப்பிவிட்டு, "பக்கத்துல பதினாறாம் மனை யாரோடது?" என்று கேட்டார்.

அன்று மாலைக்குள் பத்தொன்பது கூடாரங்கள் கட்டடம் என்று எழுதப்பட்டன. எனக்கும் ஒரு மஞ்சள் தாள் கிடைத்தது. சிமெண்டை முழுதாக உடைக்க நேரம் போதவில்லை. முப்பது நாளில் இடிக்க வேண்டும், இல்லையென்றால் மனை போகும். இடித்தோம். லொரேனின் கண்ணாடி ஜன்னலை இரண்டு பேர் பிரேதம் தூக்குவது போல் தூக்கிப் போனார்கள். முரியெல் மட்டும் பதினேழாம் மனையில், வலைக்குள், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஃபெர்னானின் கண்கள் திறந்துகொண்டன. மேசை திரும்ப உள்ளே வந்தது.

நாற்காலிகள் காலியாகவே இருந்தன. அவளுடைய கூடாரம் விழுந்திருந்தால் எங்களுடையவை தப்பியிருக்கும் என்பது எங்கள் கணக்கு. அது சரியா என்று யாரும் யோசிக்கவில்லை; யோசித்தால் லொரேனோடு சண்டை வரும். டிசம்பரில் யாரும் இங்கே இருப்பதில்லை என்பதால் ஜூலை கடைசியிலேயே கொண்டாடும் முகாம் கிறிஸ்துமஸ் வந்தது. வழக்கம்போல வியர்த்துக்கொண்டே விளக்குத் தோரணம் கட்டினோம். வழக்கம்போல டிராக்டரில் ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா வேர்க்குரு சொறிந்தபடி மனைமனையாக மிட்டாய் வீசினார். பதினேழையும் பதினெட்டையும் தாண்டும்போது டிராக்டர் வேகமாகப் போனது. முரியெல் அதைக் கவனிக்காதது போல் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கவனிக்கவில்லை என்பதை எல்லோரும் கவனிக்க வேண்டும் என்பதற்காக, வெளியே தெரிகிற பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து உரித்தாள். அவள் முகத்தில் தோற்றவள் சாயல் இல்லை. சீட்டாட நாலு பேர் வேண்டும் என்கிற சங்கடம் மட்டும் இருந்தது.

அன்று மாலை நான் ஏரியிலிருந்து திரும்பும்போது ரோசேர் தன் மடக்கு நாற்காலியை எல்லையிலேயே போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அவருக்கும் வலைக்கும் நடுவே மூன்றடி. கொசு நேரம்.

"வடக்கு மூலை ஒரு துளை இறங்கியிருக்கு," என்றார்.

"உன் கண்ணு இறங்கியிருக்கு."

"நேத்து ராத்திரி இறங்கியிருக்கும். காத்து அடிச்சுது."

"காத்து அடிச்சப்ப தூங்காம இதைத்தான் பாத்துக்கிட்டிருந்தியா?"

"ஞாயித்துக்கிழமை பிரிச்சுக் காயவச்சா இப்படி ஆகாது."

"ஞாயித்துக்கிழமை நான் பை சுடுவேன். உனக்கு இல்ல."

"நான் கேக்கல."

"கேட்டாலும் இல்ல. உன் நெத்தியில கொசு உக்காந்திருக்கு."

"தெரியும்."

"குடிச்சுக்கிட்டிருக்கு."

"குடிக்கட்டும். வடக்கு மூலையைப் பாரு."

ஃபெர்னான் ரேடியோவிலிருந்து தலையைத் தூக்கினார். அந்த வாரத்தில் அவர் பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

"அவரை உள்ள விடேன், முரியெல்."

"விடமாட்டேன்."

"நான் வரவும் மாட்டேன்," என்றார் ரோசேர்.

"சரி," என்றார் ஃபெர்னான். "அப்ப ரெண்டு பேரும் கத்தாதீங்க. வானிலை கேக்குறேன்."

 வானிலை சொல்லி முடிந்ததும் முரியெல்தான் முதலில் ஆரம்பித்தாள்.

"எந்தத் துளை?"

"மூணாவது. அதுகூடத் தெரியாதா?"

"தெரியும். உனக்குத் தெரியுமான்னு பாத்தேன்."